கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா?

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், "அருவி இருக்கே, அதான்" என்பார்கள். சரிதான். ஆனால் மலைக்குள்ளே எவ்வளவு தண்ணீர்? தீவின் மலைகள் கருங்கல். கல்லில் வெடிப்பு உள்ள இடத்தில்தான் நீர் தங்கும். அக்கரையில், செபராங் பிறையில், கதை வேறு. ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

மண்ணுக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, குடிக்க ஆகுமா என்று கண்டு சொல்வதற்கென்றே ஒரு தொழில் உண்டு. அதைச் செய்பவர்தான் நிலத்தடி நீர் ஆய்வாளர்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து ஊற்றுப் பார்க்கும் பெரியவர்களை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் இவர் வழி வேறு. தரையில் இரும்பு முளைகளை அடித்து மின்சாரம் செலுத்துவார். ஈர மண்ணும் காய்ந்த கல்லும் ஒரே மாதிரி மின்சாரத்தைக் கடத்தாது. களிமண்ணும் உப்புத் தண்ணீரும் இந்தக் கணக்கை ஏமாற்றும். அதனால் துளை போட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டார். மூன்று இடத்தில் குழாய் இறக்கி நீர்மட்டத்தை அளந்தால், தண்ணீர் போகும் திசை தெரிந்துவிடும். மணலில் நீர் எப்படி நகரும் என்ற விதியை 1856-ல் பிரான்சின் ஹென்றி டார்சி என்ற இன்ஜினியர் கண்டு சொன்னார். இன்றும் அந்த விதிதான் அடிப்படை.

நமக்கென்ன என்று கேட்கலாம். பினாங்கு மாநிலக் குழாய்த் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்று நீர்தானே! உண்மை. ஆனால் குழாய் நின்றுபோனால் நாம் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். நாம் சிறுவயதில் இருந்த தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் கிணறு. பத்தடி தள்ளி உர ஸ்டோர். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அம்மா தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தார்.

காய்ச்சினால் கிருமி சாகும். உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிஞ்சினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பூக்கும். புல்லுக்கு அடித்த பாராகுவாட் (2020 முதல் இங்கே தடை) களிமண்ணில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட் ஒட்டாது, மழையோடு கீழே இறங்கிவிடும்.

குப்பைமேட்டுச் சாறும் அப்படித்தான். நிபோங் திபால் பக்கம் புலாவ் புரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பிடித்தது நினைவிருக்கும். புகை கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் ஊறும் சாறு தெரியாது. அதைக் குழாய் வைத்து வடித்துச் சுத்தப்படுத்த வேண்டும். சுற்றிலும் துளைக் கிணறு போட்டுக் கண்காணிக்க வேண்டும். ஒருமுறை நிலத்தடி நீர் கெட்டால், இறைத்துச் சுத்தம் செய்ய ஆண்டுக்கணக்கு ஆகும். காரணம், மண்ணுக்குள் அது ஆமை வேகத்தில்தான் நகரும்.

எஸ்.பி.எம்.மில் பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் இருக்கிறது. மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவிப் பௌதிகம் இருக்கிறது. வேலை பாதி நாள் சேற்றிலும் காட்டிலும்தான். அட்டைக்கடி நம் பிள்ளைகளுக்குப் புதுசா என்ன?