தீட்டிய அரிசியும் நீரிழிவு வியாதியும்

குற்றாலத்து மலைகளில் உற்பத்தியாகும் சிற்றாற்றின் பாய்ச்சலைப் பெற்ற தென்காசி வட்டாரத்தில் நெல்லே பிரதான பயிர். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தினின்று 1986-ல் வெளியிடப்பட்ட அம்பை 16 என்னும் ரகம் இப்பக்கத்துக் குடியானவர்களுக்கு நெடுநாளாகப் பழக்கமானது. பயிருக்கு இடும் உரத்தின் அளவை நன்கறிந்த மிராசுதாரர், தமது இலையில் விழும் சோற்றின் அளவை எண்ணிப் பார்ப்பது அரிது.

சர்க்கரை வியாதி என்னும் பெயரே ஜனங்களுக்கு ஒரு மயக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் இட்லியும் சோறுமாகவே உண்பவர் அநேகர். சோற்றிலுள்ள மாவுச்சத்து ஜீரணமானவுடன் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கிறது. நெல்லின் உமியை மாத்திரம் நீக்கினால் தவிடும் முளையும் அரிசியோடு நிற்கும். ஆனால் தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்கு வாடை கொள்வதால் அவ்வரிசி அதிக நாள் கெடாமலிராது. வாங்குவோரும் வெண்மையையே விரும்புகிறார்கள். ஆகவே ஆலைகளில் அரிசி நன்றாகத் தீட்டப்படுகிறது. அதனால் நார்ச்சத்தும் பல ஜீவசத்துக்களும் மாட்டுத் தீவனத்துக்குச் சென்றுவிடுகின்றன. சென்னை ஆராய்ச்சியாளர் 2012-ல் வெளியிட்ட சோதனையில், குளுக்கோஸை 100 என்று கொண்டால், பொன்னி அரிசிச் சோறு இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் அளவு 70 ஆகவும், சோனா மசூரி 72 ஆகவும் கண்டது. 70-ம் அதற்கு மேலும் உயர்ந்த அளவாகும்.

இவ்வாறு அடிக்கடி எழும் சர்க்கரையை அடக்கக் கணையம் மேன்மேலும் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. செலவாகாத மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அக்கொழுப்பு இரத்தத்தில் மிகுந்து, வயிற்றிலும் சேர்ந்து, காலக்கிரமத்தில் இன்சுலினுக்குத் திரேகம் வசப்படாமற் போகிறது. நீரிழிவு தோன்றியபின் இருதயத்து இரத்தக் குழாய்கள் அடைபடும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏர் பூட்டி உழுத காலத்தில் இந்த மிச்சம் அதிகமில்லை. டிராக்டர் வந்தபின் வேலை குறைந்தது, சோறு குறையவில்லை.

21 தேசங்களில் 1,32,000-க்கு மேற்பட்டோரைக் கவனித்து 2020-ல் வெளியான ஆராய்ச்சியில், தினம் 450 கிராமுக்குக் குறையாமல் வெள்ளைச் சோறு உண்போருக்கு, 150 கிராமுக்குள் உண்போரைவிட நீரிழிவு அபாயம் மிகுந்திருந்தது. தென்னாசியாவில் அது 61 சதவீதம் அதிகம். 2023-ல் பிரசுரமான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கில், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உள்ளது.

கருப்பட்டி தீங்கற்றது என்னும் நம்பிக்கை பனை வளர்ந்த இச்சீமையில் வேரூன்றியுள்ளது. சில உப்புச்சத்துக்கள் அதில் கூடுதலாக இருப்பினும், பெரும்பகுதி ஆலைச் சர்க்கரையிலுள்ள அதே பொருளே. சாரல் காலத்தில் குற்றாலம் வருவோர் விரும்பியுண்ணும் பரோட்டா மைதாவினாலானது. திருநெல்வேலி அல்வாவோ கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்தது. வருஷத்திற்கொருமுறை வந்து போகிறவரைக் குறித்து அவ்வளவாகக் கவலையில்லை. நித்தம் அதே பலகாரத்தை வாங்கும் உள்ளூரார் விஷயமே வேறு.

சோற்றை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினாற் போதும் என்பதும் சரியன்று. மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் பயன் அற்பமென 2025-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டுகிறது. ஒரு பங்கு சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, மோர், முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதைச் சேர்ப்பதே உசிதம். சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களில் உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. விளைந்ததையெல்லாம் விலைக்குப் போடாமல், வீட்டுச் செலவுக்கெனச் சில மரக்கால் நிறுத்திக்கொள்வது குடியானவருக்குச் சிரமமன்று. கைக்குத்தல் அரிசி வேண்டுவோர், சிறிது சிறிதாக உமி நீக்கிக்கொள்ளின் சிக்கு வாடைக்கு இடமிராது.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலின் ஊசியோ கொள்பவர் வைத்தியரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைக்கலாகாது. சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து மயக்கமுறலாம். முப்பது வயதைக் கடந்தவர்கள் வருஷத்திற்கொருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளும்படி கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம். அறுவடை முடிந்து ஜனங்கள் ஓய்ந்திருக்கும் நாட்கள் இதற்குத் தக்கவை.