பள்ளிப் பிள்ளைகளும் நமது கடைகளும்

கீழ்வேளூர் கடைத்தெருவில் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம்தான். நோட்டும் பேனாவும் கடலை மிட்டாயும் நம்மிடம்தான் வாங்குகிறார்கள். வயலுக்கும் கூலி வேலைக்கும் போகும் பெற்றோருக்கோ இன்று ஒரு பயம்: புத்தகப் பையில் போதைப் பாக்கெட்டும் இருக்குமோ? அந்தப் பயத்தைப் போக்குவதில் வணிகர்களாகிய நமக்கும் பங்கு உண்டு.

2019-ல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வில், 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவது தெரிய வந்தது. அவர்களில் சிகரெட் பிடிப்போரில் பத்துக்கு ஏழு பேர் அதை வாங்கியது கடைகளிலும் தெரு வியாபாரிகளிடமும்தான்.

இப்போது பெரிதும் பேசப்படுவது 'கூல் லிப்'. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும் சிறு பொட்டலம். புகை கிடையாது, ஆசிரியர் கண்ணிலும் எளிதில் படாது. நிகோடின் ஈறு வழியாக ரத்தத்தில் கலந்து, விட முடியாத பழக்கமாகிறது. மாணவர்களிடம் இது பரவுவது பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

சட்டம் சொல்வது என்ன?

1. குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகியவற்றுக்குத் தமிழகத்தில் 2013 மே முதல் தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆகவே "தடை போய்விட்டது" என்று சரக்கு தள்ளிவிட வருபவரை நம்ப வேண்டாம்.

2. சிகரெட், பீடி விற்கத் தடையில்லை. ஆனால் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பள்ளிச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) யாருக்குமே விற்கக் கூடாது. அபராதம் 200 ரூபாய் வரை.

3. 200 ரூபாய்தானே என்று எண்ண வேண்டாம். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு, குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

நடைமுறையில் தகராறு வரும் இடம் ஒன்று உண்டு. "அப்பா பீடி வாங்கி வரச் சொன்னார்" என்று பையன் வந்து நிற்பான். அப்பா நம் பற்று வரவு வாடிக்கையாளர்; மறுத்தால் மனஸ்தாபம் வரும். இருந்தாலும் கொடுக்கக் கூடாது. யாருக்காக வாங்கினாலும், வாங்குபவன் சிறுவன் என்றால் குற்றம் நம்முடையது. வாங்கியவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் நம் மேலேயே உள்ளது. விதிப்படி அறிவிப்புப் பலகை வைத்து, அதைக் காட்டிப் பக்குவமாகச் சொன்னால் எந்த அப்பாவும் புரிந்து கொள்வார். அதேபோல், கடையைப் பார்த்துக்கொள்ளும் நம் பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவன் என்றால், அவன் கையால் இவற்றை விற்பதும் விதிமீறலே.

மொத்த வியாபாரிகள் பில் இல்லாத பண்டலை ஏற்றி அனுப்பக் கூடாது. பிடிபடுவது பெரும்பாலும் சில்லறைக் கடைக்காரர்தான். கடைக்குச் சீல் வைத்தால் அரிசி, பருப்பு வியாபாரமும் சேர்ந்து நின்று போகும். பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் போன்றவற்றைச் சிறுவர்கள் அடிக்கடி கேட்டால், விற்காமல் காரணம் விசாரியுங்கள். முகர்ந்து போதை ஏற்றும் பழக்கமும் உண்டு.

பள்ளி அருகே யாராவது போதைப் பொருள் விற்பது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098. பழக்கத்திலிருந்து மீள ஆலோசனைக்கு 14446.

ஒரு பாக்கெட்டில் கிடைப்பது சில்லறை லாபம். நம் கடையை நம்பிப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்தின் மாதச் சாமான் வியாபாரம் அதைவிடப் பெரிது. அந்த நம்பிக்கையைக் காப்போம்.