குருதியோட்ட மறுமொழிச் சார்பு

குருதியோட்ட மறுமொழிச் சார்பு என்பது, மூளையின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் மிகக் குறுகிய நேரம் செயற்படும்போது, அப்பகுதியின் குருதியோட்டத்திலும் குருதியின் ஆக்சிசன் அளவிலும் ஏற்படும் மாற்றம் காலப்போக்கில் எவ்வாறு எழுந்து அடங்குகிறது என்பதைக் காட்டும் கணிதச் சார்பு ஆகும். செயல்சார் காந்த அதிர்வுப் படிமவியல் (செயல்சார் எம்.ஆர்.ஐ) ஆய்வுகளில் பதிவாகும் குறிகையைப் பொருள்கொள்ள இச்சார்பு அடிப்படையாக அமைகிறது.

இம்முறை நரம்பணுக்களின் மின்செயற்பாட்டை நேரடியாக அளப்பதில்லை. அதைத் தொடர்ந்து வரும் குருதி மாற்றத்தையே அளக்கிறது. எனவே பதிவான குறிகையிலிருந்து நரம்பணுக்களின் செயற்பாட்டை அறிய, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொடர்பின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். அவ்வடிவத்தைத் தவறாகக் கொண்டால், குருதிக்குழாய்களில் உள்ள வேறுபாடு மூளைச் செயற்பாட்டின் வேறுபாடாகத் தோன்றக்கூடும்.

வரலாறு

மூளையின் செயற்பாட்டுக்கு ஏற்ப அதன் குருதியோட்டம் அந்தந்த இடத்திலேயே மாறுகிறது என்ற கருத்தை 1890 ஆம் ஆண்டில் சார்லசு ராய், சார்லசு செரிங்டன் ஆகியோர் முன்வைத்தனர். 1936 இல் லைனசு பாலிங், சார்லசு கோரியெல் ஆகிய இருவரும் ஈமோகுளோபினின் காந்தப் பண்பை ஆராய்ந்தனர். ஆக்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படுகிறது. ஆக்சிசன் ஏற்ற ஈமோகுளோபின் மெலிதாக விலக்கப்படுகிறது என்பதை அவர்கள் கண்டறிந்தனர். 1990 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய செய்சி ஒகாவாவும் அவரது குழுவினரும், இவ்வேறுபாட்டைக் கொண்டு எம்.ஆர்.ஐ படிமங்களில் குருதியின் ஆக்சிசன் நிலையைக் காணலாம் என எலிகளில் காட்டினர். 1992 இல் வெவ்வேறு குழுக்கள் இதே முறையில் மனித மூளையின் செயற்பாட்டைப் படிமமாக்கின.

நரம்பணுக்கள் செயற்படும்போது ஆக்சிசன் செலவாவதால் குறிகை குறைய வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நடப்பது நேர்மாறானது. பெருகி வரும் குருதியோட்டம், செலவாகும் ஆக்சிசனைவிட மிகுதியான ஆக்சிசனைக் கொண்டு வருகிறது. இதனால் ஆக்சிசன் இழந்த ஈமோகுளோபினின் செறிவு குறைந்து, குறிகை சற்று உயர்கிறது. இவ்வுயர்வு பொதுவாக ஒரு சில விழுக்காடு, அல்லது அதனினும் குறைவு.

மறுமொழியின் வடிவம்

ஒரு நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும் ஒளி போன்ற குறுந்தூண்டலுக்கு, பார்வைப் புறணியில் ஏற்படும் மறுமொழி பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

1. முதல் 1 முதல் 2 நொடிகள் வரை குறிப்பிடத்தக்க உயர்வு இராது.
2. பின்னர் குறிகை உயர்ந்து, 4 முதல் 6 நொடிகளில் உச்சத்தை அடையும்.
3. 10 முதல் 12 நொடிகள் அளவில் தொடக்க நிலைக்குத் திரும்பும்.
4. அதன்பின் தொடக்க நிலைக்கும் கீழே சற்றுத் தாழ்ந்து, 20 முதல் 30 நொடிகள் அளவில் முழுமையாக அடங்கும்.

பரவலாகப் பயன்படும் எசுபிஎம் மென்பொருளின் நியம வடிவம், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த இரு காமாப் பரவல்களால் ஆனது. முதற் பரவல் 5 ஆவது நொடியில் உச்சம் பெறும். இரண்டாவது 15 ஆவது நொடியில் உச்சம் பெறும். அது ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுக் கழிக்கப்படும். இதன் பயனாக ஏற்படும் பின்தாழ்வு, முதன்மை உச்சத்தின் உயரத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு ஆகும்.

நேரியல் எடுகோள்

1996 இல் சியோஃப்ரி பாயின்டனும் உடன் ஆய்வாளர்களும் பார்வைப் புறணியில் ஒரு சோதனை நடத்தினர். குறுகிய நேரத் தூண்டலின் மறுமொழியை நகர்த்திக் கூட்டினால், நீண்ட நேரத் தூண்டலின் மறுமொழி ஏறத்தாழக் கிடைத்தது. அதாவது, பொறியியலில் நேரியல் அமைப்பு எனப்படும் ஒன்றைப் போல இத்தொடர்பு நடந்துகொள்கிறது. எனவே பதிவாகும் குறிகையை, தூண்டல்களின் வரிசையும் மறுமொழிச் சார்பும் கன்வலூசன் என்னும் கணிதச் செயலால் இணைந்த விளைவாகக் கருதலாம். மறுமொழிச் சார்பை மதிப்பிடுவது இதன் மறுதலைச் செயலாகும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு

கருவி 2 நொடிக்கு ஒரு படிமம் எடுப்பதாகக் கொள்வோம். விளக்கத்தின் எளிமைக்காக, ஒற்றைத் தூண்டலின் மறுமொழி அடுத்தடுத்த நான்கு படிமங்களில் 0, 2, 4, 1 என அமைவதாகவும், இது ஆய்வாளருக்குத் தெரியாது என்றும் கொள்வோம். முதற் படிமத்தின்போது ஒரு தூண்டலும், மூன்றாவது படிமத்தின்போது இன்னொரு தூண்டலும் தரப்படுகின்றன. இரு மறுமொழிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் பதிவு 0, 2, 4, 3, 4, 1 என வரும்.

இப்பதிவிலிருந்து மறுமொழியை மீட்கலாம். முதல் இரு மதிப்புகள் நேரடியாக 0, 2 என்பவற்றைத் தருகின்றன. மூன்றாவது படிமத்தில் மறுமொழியின் மூன்றாம் மதிப்பும் முதல் மதிப்பும் சேர்ந்து 4 ஆகின்றன. எனவே மூன்றாம் மதிப்பு 4. நான்காவது படிமத்தில் நான்காம் மதிப்பும் இரண்டாம் மதிப்பும் சேர்ந்து 3. எனவே நான்காம் மதிப்பு 1. தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் ஆறு. எஞ்சிய இரு சமன்பாடுகள் விடையைச் சரிபார்க்க உதவுகின்றன. உண்மையான பதிவில் இரைச்சல் கலந்திருப்பதால் எல்லாச் சமன்பாடுகளும் துல்லியமாகப் பொருந்தா. அப்போது மீச்சிறு வர்க்க முறையால் மிகப் பொருத்தமான விடை காணப்படுகிறது.

மாறாக, இரண்டு படிமங்களுக்கு ஒருமுறை எனத் தூண்டல் ஒரே சீராகத் தொடர்ந்து தரப்பட்டால், பதிவு விரைவில் 4, 3, 4, 3 என்று நிலைபெற்றுவிடும். முதல், மூன்றாம் மதிப்புகளின் கூடுதல் 4 என்றும், இரண்டாம், நான்காம் மதிப்புகளின் கூடுதல் 3 என்றும் மட்டுமே இந்நிலையில் அறியலாம். 0, 2, 4, 1 என்ற மறுமொழியும் 2, 2, 2, 1 என்ற மறுமொழியும் இதே பதிவையே தரும். எவ்வளவு நேரம் பதிவு செய்தாலும் இவற்றை வேறுபடுத்த இயலாது. ஆகவே நெருக்கமாகத் தூண்டல் தரும் ஆய்வுகளில் இடைவெளிகளைச் சீரற்றவையாக அமைப்பது வழக்கம். ஆண்டர்சு டேல், ராண்டி பக்னர் ஆகியோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வு, விரைவாகத் தரப்படும் தூண்டல்களின் மறுமொழிகளையும் இவ்வாறு பிரித்தெடுக்கலாம் எனக் காட்டியது.

மதிப்பிடும் முறைகள்

நிலையான வடிவம்: நியம வடிவமே எல்லா இடங்களுக்கும் பொருந்தும் எனக் கொண்டு, அதன் உயரம் மட்டும் மதிப்பிடப்படுகிறது. ஒரு வகைத் தூண்டலுக்குத் தெரியாத எண் ஒன்றே. இரைச்சலைத் தாங்கும், ஆனால் உண்மை வடிவம் வேறாக இருந்தால் உயரமும் பிழையாகும்.

அடிப்படைச் சார்புகள்: நியம வடிவத்துடன், காலத்தைப் பொறுத்த அதன் வகைக்கெழுவும், அகலத்தைப் பொறுத்த வகைக்கெழுவும் சேர்க்கப்படுகின்றன. தெரியாத எண்கள் மூன்று. மறுமொழி சற்று முந்துவதையும் பிந்துவதையும், குறுகுவதையும் விரிவதையும் இது ஏற்கும்.

புள்ளிவாரி மதிப்பீடு: வடிவத்தைப் பற்றி எந்த எடுகோளும் இன்றி, மேற்கண்ட எடுத்துக்காட்டைப் போல ஒவ்வொரு நேரப்புள்ளியும் தனியே மதிப்பிடப்படுகிறது. 2 நொடி இடைவெளியில் 32 நொடிகளை மதிப்பிட, ஒரு வகைத் தூண்டலுக்கு 16 எண்கள் தேவை. நெகிழ்வு மிகுதி; இரைச்சலையும் மறுமொழி எனக் கொள்ளும் இடரும் மிகுதி.

உடலியல் மாதிரி: 1998 இல் ரிச்சர்டு பக்சுடனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த பலூன் மாதிரி, சிரைகளைப் பலூன் போல விரிந்து சுருங்குவனவாகக் கொள்கிறது. குருதியோட்டம், குருதியின் கன அளவு, ஆக்சிசன் நீக்கம் ஆகியவற்றை இணைக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகள் இதில் பயன்படுகின்றன.

வரம்புகள்

மறுமொழியின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவரது மூளையிலேயே இடத்துக்கு இடமும் வேறுபடுகிறது. ஆகவே, ஒரு பகுதியின் குறிகை மற்றொன்றினதைவிட ஒரு நொடி முந்தி உயர்ந்தது என்பதால் மட்டும், அப்பகுதியின் நரம்பணுக்கள் முதலில் செயற்பட்டன என்று முடிவு செய்ய இயலாது. நேரியல் எடுகோளும் தோராயமானதே. தூண்டல்கள் ஓரிரு நொடிக்குள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவதன் மறுமொழி எதிர்பார்ப்பதைவிடச் சிறிதாக இருக்கும்.

குறிகை எதைக் குறிக்கிறது என்பதும் நெடுங்காலம் ஆராயப்பட்டது. 2001 இல் நிக்கோசு லோகோதெட்டிசும் குழுவினரும் குரங்குகளில் மின்பதிவையும் செயல்சார் எம்.ஆர்.ஐ பதிவையும் ஒருங்கே எடுத்தனர். ஒரு பகுதிக்கு வந்து சேரும் உள்ளீட்டையும் அதன் உள்ளகச் செயலாக்கத்தையும் காட்டும் மின்புல அலைவுகளுடன் குறிகை கூடுதலாகப் பொருந்துவதை அவர்கள் கண்டனர். நரம்பணுக்கள் வெளியே அனுப்பும் துடிப்புகளுடனான பொருத்தம் அதனினும் குறைவாக இருந்தது.

மருத்துவத்தில் முக்கியத்துவம்

முதுமை, பக்கவாதம், கழுத்துத் தமனிச் சுருக்கம் ஆகியவை குருதிக்குழாய்களின் இயல்பை மாற்றுகின்றன. இளைஞரின் மறுமொழி வடிவத்தை முதியவருக்கும் பொருத்தி, குறிகை குறைவாக உள்ளதால் மூளைச் செயற்பாடு குறைந்துள்ளது என்று கூறுவது பிழையாகலாம். மூச்சை அடக்கும்போது குருதியில் கரியமில வளி கூடி, குருதிக்குழாய்கள் விரிகின்றன. இவ்விளைவை அளந்து குருதிக்குழாய்களின் திறனைத் தனியே மதிப்பிடும் முறை இதற்குத் துணைபுரிகிறது.

மூளைக்கட்டி அறுவையில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. சில கட்டிகளின் அருகில் உள்ள குருதிக்குழாய்கள் நரம்பணுக்களின் தேவைக்கு ஏற்ப விரிவதில்லை. அதனால் பேச்சுக்குத் தேவையான பகுதி இயங்கிக்கொண்டிருந்தாலும், படிமத்தில் அது செயலற்றதாகத் தோன்றலாம். எனவேதான் இத்தகைய பகுதிகளில் அறுவை செய்யும்போது படிமத்தை மட்டும் நம்பாமல், நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளைப் புறணியை மெல்லிய மின்னோட்டத்தால் நேரடியாகத் தூண்டிச் சரிபார்க்கும் முறையும் கையாளப்படுகிறது. படிமத்தில் குறிகை இல்லை என்பது, அங்கே செயற்பாடு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.