ஒரே சுழற்சி, இரு வேறு விசைகள்: இரட்டைப் பயன் மர ரம்பத்தின் அறிவியல்

பலகையை நார்ப்போக்கில் நீளவாக்காக அறுப்பதற்கு மேசை ரம்பமும், சட்டங்களைக் குறுக்காகவோ சாய்கோணத்திலோ துண்டிப்பதற்கு மைட்டர் ரம்பமும் தனித்தனி எந்திரங்களாக இருந்துவந்த நிலையில், வேலை நடக்கும் வீடுகளுக்கே கருவிகளைச் சுமந்து செல்ல வேண்டியிருந்த ஐரோப்பியத் தச்சர்களுக்காக இவ்விரண்டையும் ஒரே மோட்டாரில் இணைத்த எந்திரங்கள் உருவாயின. ஜெர்மனியின் எலு நிறுவனம் இவ்வகையில் பெயர் பெற்றது. 1984இல் அந்நிறுவனம் பிளாக் அண்ட் டெக்கர் வசம் சென்றபின், அதன் வடிவமைப்பு டிவால்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. இத்தகைய இரட்டைப் பயன் எந்திரங்களில் இரு வகை உண்டு. ஒன்றில், மேசையே தலைகீழாகப் புரட்டப்பட்டு, கீழே தொங்கும் ரம்பத்தின் பல்விளிம்பு மேலே எட்டிப் பார்க்கும்; மற்றதில், ரம்பத்தின் தலைக்கு மேலேயே ஒரு சிறு மேசை பொருத்தப்பட்டிருக்க, ரம்பக் கையைத் தாழ்த்திப் பூட்டியபின் தகட்டின் மேற்பகுதி அம்மேசையின் பிளவு வழியே வேலை செய்யும்.

இரு வகையிலும் தகடு சுழலும் திசை மாறுவதில்லை. ஆனால் மரத்தின் மீது அது செலுத்தும் விசையின் விளைவு முற்றிலும் மாறிவிடுகிறது. இந்த எந்திரத்தைப் பயன்படுத்துவோர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை இதுவே. மைட்டர் நிலையில் மரம் அசையாது இருக்க, ரம்பம் மேலிருந்து இறங்குகிறது. அப்போது தகட்டின் அடிப்பற்கள் இயக்குபவரை விட்டு விலகி ஓடுவதால், மரத்தைப் பின்புறத் தாங்குசட்டத்தின் மீதே அழுத்துகின்றன. மேசை நிலையிலோ ரம்பம் அசையாது நிற்க, மரம் நகர்கிறது. இப்போது வேலை செய்யும் மேற்பற்கள் இயக்குபவரை நோக்கி ஓடுகின்றன. முன்னதில் மரத்தைச் சட்டத்தோடு அணைத்து நிறுத்திய அதே சுழற்சி, பின்னதில் மரத்தை ஆளின் பக்கம் தள்ளுகிறது.

இத்தள்ளலின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், அதன் பல்நுனி நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தகட்டின் முன்புறப் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அமுக்கிப் பிடிக்கின்றன. பின்புறப் பற்களோ மேலெழுகின்றன. அறுபட்ட மரம் அப்பின்புறப் பற்களில் சிக்கினால், மேசையிலிருந்து தூக்கப்பட்டு, இயக்குபவர் மீதே வீசப்படுகிறது. இது எதிர்வீச்சு எனப்படும். பல்நுனியின் வேகத்தில் பாதியை மட்டுமே மரம் பெற்றாலும், ஒரு மீட்டர் தூரத்தை அது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். மனிதனின் கண் கண்டு கை அசைய அதைப்போல் நான்கு மடங்கு நேரம் தேவை. ஆகவே எதிர்வீச்சு தொடங்கியபின் விலகிக்கொள்ளலாம் என்பது நடவாத காரியம்; அது தொடங்காமல் தடுப்பதும், மரம் பறக்கக்கூடிய நேர்க்கோட்டில் நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று வேலை செய்வதுமே வழி.

மரம் ஏன் சிக்குகிறது? வளர்ந்தபோதும் உலர்ந்தபோதும் மரத்தினுள் இறுக்கங்கள் தங்கிவிடுகின்றன. நீளவாக்கில் அறுக்கும்போது அவை விடுபட்டு, பிளந்த இரு பாதிகளும் சில வேளைகளில் ஒன்றையொன்று நோக்கி வளைந்து தகட்டைக் கவ்வுகின்றன. இதைத் தடுக்கவே தகட்டின் பின்னால் பிளவுத் தகடு என்னும் நிலையான எஃகுத் துண்டு பொருத்தப்படுகிறது. அதன் தடிமன் ரம்பத் தகட்டின் உடலைவிடக் கூடுதலாகவும், பற்கள் உண்டாக்கும் அறுப்புத்தடத்தின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும், உடல் 1.8 மில்லிமீட்டரும் தடம் 2.6 மில்லிமீட்டரும் ஆனால், 2.2 மில்லிமீட்டர் பொருந்தும். பற்களுக்கும் அதற்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே விடப்பட வேண்டும். இடைஞ்சல் என்று கருதி இதைக் கழற்றி எறியும் பழக்கம் பல பட்டறைகளில் காணப்படுவது மிகவும் வருந்தத்தக்கது. இந்த எந்திரத்தில் உயிர்காக்கும் பாகம் ஒன்றைச் சுட்டச் சொன்னால், சுட்ட வேண்டியது இதையே.

இரண்டாவது காரணம், மரம் உரசிச் செல்லும் பக்கச்சட்டம் தகட்டுக்கு இணையாக அமையாமை. சட்டத்தின் பின்முனை தகட்டை நோக்கி இம்மியளவு சாய்ந்திருந்தாலும், அது மரத்தைப் பின்புறப் பற்களின் மீது நெருக்கும். தகட்டின் ஒரு பல்லைக் குறித்துக்கொண்டு, அதே பல்லை முன்னும் பின்னுமாகச் சுழற்றி, இரு இடத்திலும் சட்டத்துக்குள்ள தூரத்தை அளந்தால், தகட்டின் கோணல் அளவீட்டைக் கெடுக்காது. இவ்வகை எந்திரங்களின் பக்கச்சட்டங்கள் இலேசானவை, ஆகையால் ஒவ்வொரு முறை நகர்த்தியபின்னும் சரிபார்ப்பது நல்லது. குறுகிய பட்டைகளை விரலால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். கையுறை பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால், சுழலும் தகட்டின் அருகே அது கூடாது.

மைட்டர் நிலையில் துல்லியமே முதற்கவலை. நான்கு மூலைகளுள்ள ஒரு சட்டகத்துக்கு எட்டு வெட்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்தால், கடைசி மூலையில் நான்கு டிகிரி திறந்து நிற்கும், 50 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் அது ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. செங்கோணத்தை மூலைமட்டத்தால் மட்டும் நம்பாமல், இணைவிளிம்புகள் கொண்ட ஒரு பலகையைத் துண்டித்து, ஒரு பாதியைப் புரட்டி மற்றதோடு முட்டவைத்துப் பார்த்தால், பிழை இரட்டித்துக் கண்ணுக்குப் புலப்படும். வளைந்த மரத்தின் புடைத்த பக்கத்தையே தாங்குசட்டத்தோடு சேர்க்க வேண்டும். குழிந்த பக்கம் சட்டத்தை நோக்கினால், வெட்டின் முடிவில் மரம் உள்வாங்கித் தகட்டை நெரிக்கும்.

பற்களின் தெரிவிலும் இரு வேலைகளும் முரண்படுகின்றன. நீளவாக்கு அறுப்புக்கு, முன்னோக்கிச் சாய்ந்த குறைந்த எண்ணிக்கைப் பற்கள் ஏற்றவை. அவை மரத்தூளை விரைந்து வெளியேற்றும். அதே பற்கள் மைட்டர் நிலையில், மரத்தைக் கொக்கி போல் கவ்வி, ரம்பத் தலையைக் கைப்பிடியையும் மீறிக் கீழே இழுக்கும். ஆகவே இடைப்பட்ட சாய்வும் பற்களும் கொண்ட, எந்திரத்தின் கையேடு குறிப்பிடும் தகடே பொருந்தும். ஒவ்வொரு வேலையிலும் சற்றே குறைந்த திறனை ஏற்றுக்கொள்வதுதான் அதன் விலை.

ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாற்றும் நேரமே மிகுந்த கவனத்துக்குரியது, ஏனெனில் அப்போது காப்புகள் கழன்று இடம் மாறுகின்றன. மின்பிளக்கைப் பிடுங்கி, தகடு முற்றிலும் நின்றபின்னரே தொட வேண்டும். மேசை நிலைக்குச் செல்கையில் கோணங்கள் பூஜ்யத்தில் பூட்டப்பட்டிருப்பதையும், கீழ்ப்புறம் வெளித்தெரியும் பற்களை மூடும் காப்பு பொருத்தப்பட்டிருப்பதையும், பிளவுத் தகட்டையும் மேற்காப்பையும் பார்த்தபின், தகட்டைக் கையால் ஒரு முழுச்சுற்று சுழற்றி எதிலும் உரசவில்லை என உறுதிசெய்து கொள்வது வழக்கமாக வேண்டும்.

தகட்டைத் தானாகவே நிறுத்தும் காப்பும் உண்டு. 1999இல் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவ் காஸ் உருவாக்கிய முறையில், தோலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்ததும் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து தகட்டைச் சில மில்லிநொடிகளில் நிறுத்திவிடும். ஆனால் அது தனி மேசை ரம்பங்களில் வளர்ந்த நுட்பம். இரட்டைப் பயன் எந்திரங்களில் பொதுவாக எதிர்பார்க்க இயலாது. இவற்றின் மேசையும் சிறியது. முழு ஒட்டுப்பலகைத் தாளை அதன் மேல் ஏற்றினால், தொங்கும் எடை பலகையைத் திருகித் தகட்டோடு சிக்கவைக்கும். ஆகையால் அத்தகைய தாள்களைத் தரையில் தாங்கிக் கைவட்ட ரம்பத்தால் முதலில் துண்டாக்கி, மேசை தாங்கும் அளவுக்குக் குறைத்தபின்னரே இதில் அறுக்க வேண்டும்.