டைக்கோன் என்னும் பெரிய வேர்

ஒருநாள் பள்ளி நூலகத்தில் ஆங்கிலச் சமையல் நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ‘டைக்கோன் ஒன்று எடுத்துக்கொள்க’ என்றிருந்தது. கிடைத்தற்கரிய வெளிநாட்டுக் காய் போலும் என்று வியந்தோம். அகராதியைத் திறந்ததும் வியப்பு வெட்கமாயிற்று. முந்தின நாள் சாம்பாரில் பொறுக்கியெடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய முள்ளங்கிதான் அது!

டைக்கோன் என்பது ஜப்பானியச் சொல். ‘டை’ என்றால் பெரிய. ‘கோன்’ என்றால் வேர். மேல்நாட்டார் முள்ளங்கி என்றவுடன் சிறிய, உருண்டையான, சிவப்பு வகையையே பெரும்பாலும் நினைப்பர். நீண்ட வெள்ளை முள்ளங்கியைப் பிரித்துக் காட்டவே ஆங்கிலம் இச்சொல்லைக் கடன் வாங்கியது. தாவர நூலாருக்கு இரண்டும் ஒரே இனம்தான்.

இன்னொரு புதுமையும் கண்டோம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘ராடிஷ்’ என்ற சொல், வேரைக் குறிக்கும் ‘ராடிக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் வழங்கும் ‘மூலி’யும் வேரைக் குறிக்கும் ‘மூல’ என்ற வடமொழிச் சொல்லின் வழி வந்ததே. கடல்கள் பிரித்தாலும் மக்கள் ஒன்றுபோலவே நினைத்திருக்கிறார்கள்!

ஜப்பானியர் டைக்கோனைத் துருவிப் பொரித்த மீனுடன் உண்பர், ஊறுகாய் போடுவர், இலையையும் சமைப்பர். நடிக்கத் தெரியாத நடிகரை ‘டைக்கோன் நடிகர்’ என்று கேலி செய்வதும் உண்டு. நாடக மேடையில் வசனம் மறந்து விழிக்கும் எங்களில் சிலருக்கும் இப்பட்டம் பொருந்தும்!

நம் குலசேகரன்பட்டினத்தை அடுத்த மணப்பாட்டிற்கு 1542-இல் வந்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமா நகரில் கரையிறங்கினார். அந்நகருக்கு எதிரே தெரியும் சகுராஜிமா எரிமலையின் அடிவாரத்தில்தான் உலகிலேயே மிகப் பெரிய முள்ளங்கி வகை விளைகிறது. சாதாரணமாக ஒன்று 6 கிலோ இருக்கும். 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ‘பெரிய வேர்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

அன்புத் தோழியரே! அயல்மொழிப் பெயரில் கண்டபோது வியந்த நாங்கள், அம்மா அதையே நறுக்கிச் சாம்பாரில் இட்டபோது முகம் சுளித்தோம். காய் மாறவில்லை, பெயர்தான் மாறியது. பிறமொழிச் சொற்களை ஆவலுடன் கற்போம். அதற்காக வீட்டிலிருப்பதை இகழ வேண்டாம். இப்போதெல்லாம் எங்கள் தட்டின் ஓரத்தில் முள்ளங்கி மிஞ்சுவதில்லை.