தண்ணீர் போகும் தடத்தில் புல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் என்றால் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். வசந்தத்தில் விதைப்பார்கள், பெருமழையும் அதை ஒட்டியே கொட்டும். இரண்டு இலை விட்ட நாற்று மண்ணைப் பிடித்துவைக்குமா? சரிவில் இறங்கும் தண்ணீர் மேல்மண்ணையும் அதில் ஒட்டிய பாஸ்பரஸையும் வாரிக்கொண்டு ஓடையில் விழுகிறது. பிறகு மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. அங்கே உரம் தின்ற பாசி பெருகிச் செத்து மட்கும்போது கடலடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2017 கோடையில் அப்படிக் கிடந்த பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். இதற்கு, வயலில் பட்டையாக வளர்க்கும் புல் மருந்தாகுமா? ஆகும், தண்ணீரின் தடம் பார்த்து நட்டால்.

2007-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீல் ஸ்மித் வனவிலங்குப் புகலிடத்தின் 12 சரிவுகளில் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நிலத்தில் 10% அளவுக்கு அந்த மண்ணுக்கே உரிய பிரெய்ரிப் புல்லை விதைத்தபோது, முழுக்கப் பயிரிட்ட வயலைவிட மண் இழப்பு 95% குறைந்தது. இத்தனைக்கும் அந்த வயலும் உழாமல் விதைத்ததுதான். சூட்சுமம் தண்டில் இருக்கிறது. தோட்டத்துப் புல் வெள்ளம் வந்தால் படுத்துவிடும். பிரெய்ரிப் புல் விறைத்து நிற்கும். தண்ணீர் அதில் முட்டித் தேங்கும், வண்டல் படியும்.

பத்தில் ஒரு பங்கை இழப்பதா என்று விவசாயி கேட்பது நியாயம். மீதி நிலத்தில் ஏக்கர் விளைச்சல் குறையவில்லை. போனது பட்டை பிடித்த இடம் மட்டுமே. செலவுக்கே கட்டாத துண்டுகள் எந்த வயலிலும் உண்டு, பட்டையை முடிந்தவரை அவற்றின் மேல் ஓட்டலாம். இதைவிட வலுவான ஆட்சேபம் மண்ணுக்கடியில் இருக்கிறது. அயோவா வயல்கள் பலவற்றில் ஒரு மீட்டர் ஆழத்தில் வடிகுழாய்கள் ஓடுகின்றன. தண்ணீரில் கரைந்த நைட்ரேட் அவற்றில் புகுந்து, புல்லின் காலடியிலேயே நழுவி ஓடையில் சேர்ந்துவிடும். மேலே எத்தனை புல் நட்டும் பயனில்லை. எனவே 2010-ல் பேர் கிரீக் ஓடைக்கரையில் குழாயின் வாயையே திருப்பினார்கள். துளையிட்ட இன்னொரு குழாயைக் கரையோரம் புதைத்து, தண்ணீரை அங்குள்ள புல்பட்டையின் மண்ணுக்குள் கசியவிட்டார்கள். காற்றில்லாத அந்த ஈரமண்ணில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடுகின்றன.

பாஸ்பரஸுக்கு அப்படி வாயுவாகும் வழி இல்லை, தங்கித்தான் ஆகவேண்டும். புல்லை அறுத்து வெளியே கொண்டுபோனால் கொஞ்சம் கழியும். வண்டலும் பட்டையின் மேல்விளிம்பில் ஆண்டுக்காண்டு ஏறிச் சின்ன வரப்பாகிவிடும். அதைச் சமன் செய்யாவிட்டால், தண்ணீர் வரப்போரமாகவே ஓடி, தாழ்ந்த இடம் பார்த்து ஒரே மடையாக உடைத்துக்கொண்டு போகும்.