கடைசி வண்டிக்குத்தான் எல்லாச் சேறும்

தென் இங்கிலாந்தில் மகன் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் கிராமத்துச் சேற்றுப் பாதைகளைச் சுற்றப் போவானாம். ஐந்து பேர் போனால் நான்கு பேர் ஓரளவு மனித உருவோடு திரும்புவார்கள். மகன் மட்டும் செங்கல் சூளையில் மண் மிதித்தவன் மாதிரி வாசலில் வந்து நிற்பான். சகதியில் புதைவதும் பெரும்பாலும் அவன் வண்டிதான். "பையனுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லையா, இல்லை இதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா?" என்பது தகப்பனாரின் கவலை. மகன் எப்போதும் வரிசையில் கடைசி ஆள் என்பதையும் போகிற போக்கில் எழுதியிருந்தார். அவர் பெரிதாக நினைக்காத அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் முகத்தில் அடிக்கும் சேறு.

இந்த வண்டிகளின் பின்சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 32 செ.மீ. ஆரம் கொண்டது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது உருளும்போது, டயரின் பட்டன்களுக்கு நடுவே அப்பியிருக்கும் மண்கட்டி தன் எடையைப்போலப் பத்து மடங்கு விசையோடு வெளியே பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பிடித்துவைப்பது மண்ணின் பசைத்தன்மை. பசை வேலை செய்வது ஒட்டியிருக்கும் பரப்பில். பிய்க்கும் விசையோ கட்டியின் எடையைப் பொறுத்தது. அதனால் தடித்த கட்டி முதலில் பறக்கும், மெல்லிய பூச்சு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். சேற்று டயர்களில் பட்டன்களை உயரமாகவும் தள்ளித் தள்ளியும் வைப்பது இதற்காகத்தான். இடைவெளி அகலமாக இருந்தால் அதில் சேரும் மண் பெரிய கட்டியாகச் சேரும், பெரிய கட்டி தானே கழன்றுகொள்ளும். விளம்பரங்கள் ரப்பரில் கலந்த ரகசியத்தைப் பற்றிப் பேசும். வேலையில் பாதிக்கு மேல் செய்வது அந்தக் காலி இடம்.

கழன்ற கட்டி எங்கே போகும்? "பின்னால்" என்றுதான் யாரும் சொல்வார்கள். தரையில் நின்று பார்ப்பவருக்கு, வழுக்காமல் உருளும் சக்கரத்திலிருந்து ஒரு துளி சேறுகூடப் பின்னோக்கிப் பறப்பதில்லை. சக்கரத்தின் அடிப்புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது, உச்சிப்புள்ளி வண்டியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே ஓடுகிறது, நடுவிலுள்ள புள்ளிகளெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையிலான வேகத்தில் முன்னோக்கியே நகர்கின்றன. 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியின் பின்சக்கரத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் கிளம்பும் கட்டி, மேலே எழுந்தபடியே மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் முன்னேதான் போகிறது. பின்னால் வருபவர் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டிவந்து அதன்மேல் முகத்தைக் கொடுக்கிறார். யார் யாரை அடித்தார்கள் என்று பஞ்சாயத்து வைத்தால் சேறு ஜெயித்துவிடும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் போனால், பின்னவர் கண்ணுக்கு அந்தக் கட்டி நின்ற இடத்திலிருந்து எறிந்த கல்தான். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் அது எட்டும் தூரம் மூன்றே கால் மீட்டரைத் தாண்டாது. நான்கு மீட்டர் தள்ளி வந்தால் முகம் தப்பித்தது. ஆனால் சகதியில் சக்கரம் யோக்கியமாக உருளுவதில்லை. பட்டன் அடைத்துக்கொண்டதும் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்குகிறார். வண்டி 20-லேயே இருக்க, டயர் 40-ல் வெறுமனே சுழல்கிறது. மண் உதறி விழுந்து டயர் சுத்தமாகிவிடும். ஆனால் சேறு எட்டும் தூரமும் நான்கு மடங்காகிப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும். இப்போதுதான் சேறு நிஜமாகவே பின்னோக்கிப் பறக்கிறது, வேகத்தோடு. முன்சக்கரத்துக்கு இந்த உபாயம் கிடையாது, அதை எஞ்சின் சுழற்றுவதில்லை. அதனால்தான் இந்த வண்டிகளின் முன் மட்கார்டு டயரை ஒட்டி இல்லாமல் ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. சாதாரண வண்டியைக் கொண்டுபோனால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் இறுகி, சக்கரம் நின்றே போகும்.

அடுத்தது மண். இதற்கு ஆய்வகத்தைவிடச் சமையலறை போதும். அரிசி மாவில் நீர் தெளித்துப் பிசிறினால் புட்டு: பிடித்தால் நிற்கும், அழுத்தினால் உதிரும். இன்னும் கொஞ்சம் நீர் சேர்த்தால் கொழுக்கட்டை, சொன்ன வடிவத்தில் இருக்கும். மேலும் ஊற்றினால் தோசை மாவு, ஓடும். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911-ல் களிமண்ணுக்கு வகுத்த எல்லைகள் இவைதான். புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவிலுள்ள கோட்டை அவர் கண்டுபிடித்த விதம் இன்னும் வேடிக்கை: மண்ணைக் கையால் இடியாப்ப இழைபோல உருட்டுவது. சுமார் 3 மி.மீ. தடிமனுக்கு வரும்போது இழை நொறுங்கத் தொடங்கினால் அந்த ஈரப்பதம்தான் எல்லை. உலகமெங்கும் கட்டடம் கட்டுமுன் பொறியாளர்கள் இன்றும் இப்படி மண் இடியாப்பம் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். கத்தியில் மண் எப்போது ஒட்டத் தொடங்குகிறது என்பதற்கும் அட்டர்பெர்க் ஓர் எல்லை வைத்திருந்தார்.

மோட்டார் சைக்கிளுக்கு வில்லன் அந்தக் கொழுக்கட்டைப் பதம். மழை கொட்டும் நாளில் சேறு தோசை மாவாக ஓடிவிடும், டயரில் தங்காது. மழை விட்டு இரண்டு நாள் கழித்து, பார்வைக்குப் பாதை தேவலாம் என்று தோன்றும்போதுதான் மண் பிசின்போல அப்பும். உறைபனி உருகும் மதியம் அதைவிட மோசம்: மேல்மண் இளகிவிடும், அடிமண் இன்னும் கல்லாக உறைந்திருக்கும், உருகிய நீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். தென் இங்கிலாந்திலேயே சாலிஸ்பரி சமவெளியில் சங்கதி வேறு. அங்கே சுண்ணாம்புப் பாறை. ஒட்டாது, வழுக்கும், ஈரமானால் கல்லின்மேல் சோப்பு தேய்த்த கதை.

இனி, கடைசி வண்டி ஏன் புதைகிறது? நம்மூர் உழவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நடவுக்கு முன் வயலில் நீர் கட்டித் தொழி உழவு ஓட்டுவது எதற்கு? மண்ணின் கட்டமைப்பை உடைத்துக் கூழாக்கினால் நுண்துளைகள் அடைபடும், நீர் கீழே இறங்காமல் தேங்கும். இங்கிலாந்துப் பாதையில் ஐந்து வண்டிகள் செய்வதும் தொழி உழவேதான், நாற்று நடுவதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். முதல் வண்டி போகும்போது மண்ணுக்குள் வேரும் துகள்களின் பிணைப்பும் இருக்கின்றன, மேற்பரப்பு தாங்குகிறது. அவர் டயரை உதற ஒரு முறுக்கு முறுக்கியதும் அந்த இடம் கடையப்படுகிறது. களிமண்ணில் நீர் நகர்வது ஆமை வேகம். இரண்டு வண்டிகளுக்கு நடுவிலுள்ள அரை நிமிடத்தில் அது எங்கேயும் வடிந்துபோக முடியாது. எனவே அடுத்த வண்டியின் எடையை மண்துகளுக்குப் பதில் நீர் சுமக்க நேர்கிறது. நீர் சுமக்காது. மூன்றாவது ஆள் வரும்போது குழி, ஐந்தாவது ஆளுக்கு உளை. ஒதுங்கி ஓட்டலாமே என்றால் பாதை அகலமாகி, பக்கத்துப் புல்லும் பாழாகும். தடத்தை விட்டு விலகக் கூடாது என்பது இந்த ஓட்டிகள் தங்களுக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

வரலாறும் கொஞ்சம் வேண்டுமாம். சசெக்ஸ் பகுதியின் வீல்டு களிமண் 18-ஆம் நூற்றாண்டிலேயே பேர்போனது. லூயிஸ் ஊருக்கருகே ஒரு சீமாட்டியின் கோச்சு வண்டியைத் தேவாலயத்துக்கு ஆறு காளைகள் இழுத்துப் போனதை, அந்தச் சேற்றில் குதிரைக்கு வேலையில்லை என்ற குறிப்போடு, எழுத்தாளர் டேனியல் டீஃபோ எழுதிவைத்தார். குளிர்காலத்தில் லண்டனிலிருந்து எக்ஸெட்டருக்கு மோட்டார் வண்டிகளை ஓட்டும் சோதனைப் பந்தயம் 1910-ல் தொடங்கியது. தார் போடாத பாதைகளில் ஓட்டுவோரின் சங்கம் 1970-ல் உருவானது. 2006-ல் வந்த சட்டம், ஆவணத்தில் ஏறாத பழைய பாதைகள் பலவற்றில் மோட்டார் வாகன உரிமையை நீக்கிவிட்டது. மிஞ்சிய பாதைகளிலும் சிலவற்றைக் குளிர்காலத்தில் அதிகாரிகள் பூட்டிவிடுவார்கள். தொழி உழவைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சேறே ஒட்டாத பூச்சு என்று டப்பா டப்பாவாகத் தெளிப்பான்கள் விற்கிறார்கள். முதல் அரை மணி நேரம் மட்கார்டு பளபளக்கும், பிறகு மணலே அதைத் தேய்த்துக் கழற்றிவிடும். உருப்படியான யோசனை ஒன்று கால்பந்துக் காலணியில் வந்தது. 2016-ல் நைக்கி நிறுவனம், நீரை உறிஞ்சிக்கொள்ளும் பாலிமரைக் காலணியின் அடிப்பாகத்தில் வைத்தது. பரப்பு எப்போதும் ஈரமாக இருப்பதால் மண் பற்றாது. பெரிய கண்டுபிடிப்பு என்று அறிவித்தார்கள். கையை நீரில் நனைத்துக்கொண்டு வடை தட்டும் நம் வீட்டுப் பாட்டிமார் யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

கடிதம் எழுதிய தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. இந்தக் குழுக்களில் முதல் ஆள் வழி காட்டுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டாவது ஆள் நின்று, மற்றவர்களுக்குக் கை காட்டிவிட்டு, கடைசி ஆள் கண்ணில் பட்டதும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். நடுவிலுள்ளவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், முதலும் கடைசியும் மாறுவதில்லை. விழுந்தவரைத் தூக்குவதும், நின்றுபோன வண்டியைக் கிளப்புவதும், யாரும் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் கடைசி ஆளின் வேலை. அந்த இடத்தை ஓட்டத் தெரியாதவரிடம் கொடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு வரச் சொல்லுங்கள், முகமாவது மிஞ்சும்.